ஆரு ஊட்டுப் புள்ள? - பாப்பாயின் கைக்குழந்தையை முன்வைத்து

1

எங்கள் பனித்திட்டுத் தெருவில் ஒரு குழந்தை வழி தவறித் தவழ்ந்து வந்தால், தூக்குகிறவர் முதலில் அதன் பெயரைக் கேட்பதில்லை. "ஆரு ஊட்டுப் புள்ள?" என்பதுதான் முதல் கேள்வி. இதில் அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே. ஆனால் அதே மூச்சில் வகையறா, தெரு, சாதி எல்லாமே விசாரித்து முடிந்துவிடுகின்றன. நம்மிடம் குழந்தை முதலில் அறிமுகமாவது ஒரு ஆறாம் வேற்றுமையின் வழியாகத்தான். இன்னாருடைய பிள்ளை. அந்த 'உடைய' இல்லாத குழந்தையைப் பற்றிப் பேச நம்மிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை.

என் சின்னம்மா மீன்கூடை சுமந்து கிருமாம்பாக்கம், பாகூர் என்று நடந்து விற்றவர். ஒருநாள் காலிக் கூடையோடு ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்றரை வயது இருக்கும். எங்கே, எப்படி என்பதை எழுத எனக்கு உரிமையில்லை. அது அவனுடைய கதை. தெரு முழுக்கக் கேட்டது. சின்னம்மா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்ன பதில் இதுதான்: "எங்க துன்னுதோ அந்த ஊட்டுப் புள்ள."

1990களின் கடைசி அது. தெருவுக்குக் கேபிள் வந்திருந்தது. அவனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த கார்ட்டூன்களில்தான் பாப்பாயையும், இரவு அங்கி வாலை இழுத்துக்கொண்டு தவழும் அந்தக் கைக்குழந்தையையும் முதலில் கண்டேன். பேச்சு ஆங்கிலம், ஒன்றும் விளங்காது. அதனால் குறையும் இல்லை. பாப்பாயின் வாய்க்குள் முணுமுணுப்பு அமெரிக்கக் குழந்தைக்கே முழுதாக விளங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். பார்த்து முடித்ததும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டது: "அந்தப் புள்ள ஆருது? மாலுமிதா, ஒல்லிப் பொண்ணுதா?" எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியின் நிழலில்தான் இதை எழுதுகிறேன்.

2

எல்சி சீகர் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் 1919 டிசம்பரில் 'திம்பிள் தியேட்டர்' என்ற நாளிதழ்ப் படக்கதையைத் தொடங்கியபோது பாப்பாய் அதில் இல்லை. 1929 ஜனவரி 17 அன்று, ஒரு கப்பல் பயணத்துக்குக் கூலிக்கு அமர்த்தப்படும் மாலுமியாகத்தான் அவன் உள்ளே வருகிறான். கூலிக்கு வந்தவன் படக்கதையையே எடுத்துக்கொண்டான். நான்கு ஆண்டு கழித்து, 1933 ஜூலை 24 அன்று, அவனிடம் ஒரு குழந்தை விடப்படுகிறது. பெயர் ஸ்வீ பீ. அது ஒரு கொடிப்பூவின் பெயர். நாம் 'கண்ணு', 'செல்லம்' என்கிற மாதிரி அங்கே கொஞ்சவும் பயன்படுகிற சொல். அதாவது அந்தக் குழந்தைக்குப் பரம்பரைப் பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. கூப்பிட்ட பெயரே பெயராயிற்று.

அந்த ஆண்டின் அமெரிக்காவை நினைவில் கொள்ள வேண்டும். பெருமந்தத்தின் மிக மோசமான ஆண்டுகளில் ஒன்று. வேலை போய், வீடு போய், பிள்ளைகளை உறவினரிடமும் விடுதிகளிலும் விட்டுவிட்டு மனிதர்கள் ஊர் ஊராகப் போன காலம். வாசலில் விடப்பட்ட குழந்தை அன்றைய வாசகனுக்கு வெறும் கற்பனை அல்ல.

யார் அதை எடுக்கிறான் என்பது முக்கியம். திருமணமாகாதவன், எழுத்துச் சரியாக வராதவன், அடிதடிக்காரன், துறைமுகத்து ஆள். அவனே அநாதை. 1936-இல் அவனுடைய தகப்பன் படக்கதைக்குள் வருகிறான். பிள்ளையைப் பச்சைக் குழந்தையாக விட்டுவிட்டுப் போன கிழவன். கண்டுபிடித்து வந்த மகனைக் கண்டு அவன் உருகுவதும் இல்லை. ரத்தம் இங்கே எதையும் உத்தரவாதம் செய்வதில்லை. பெற்றவன் விட்டுப் போகிறான், விடப்பட்டவன் எடுத்து வளர்க்கிறான். இந்த எதிரிணையைச் சீகர் தத்துவம் பேசாமல் வரைந்து காட்டியிருக்கிறார்.

ஆனால் சீகரும் முழுக்கத் தப்பவில்லை. படக்கதையின் ஒரு கட்டத்தில் இந்தக் குழந்தை டெமோனியா என்ற கற்பனை நாட்டின் இளவரசன் என்று ஆகிறது. நமக்கு இது பழகிய கதைதானே. ஆற்றில் மிதந்து வந்த கர்ணன் தேரோட்டி மகனாகவே இருந்துவிட்டால் பாரதத்துக்குப் பொறுக்காது. அவன் சூரியன் மகன் என்று தெரிந்தாக வேண்டும். நம் சினிமாவில் குப்பைத்தொட்டிப் பிள்ளை கடைசி ரீலில் ஜமீன் வாரிசாகிறான். கண்டெடுத்த குழந்தைக்கு மதிப்பு வேண்டுமானால் அதன் ரத்தம் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்கிறது இந்தக் கதையாடல். சீகரிடம் உள்ள ஒரே வித்தியாசம், முடியைக் காட்டிய பிறகும் குழந்தை பாப்பாயிடமே தவழ்கிறது என்பதுதான். அரசுரிமை ஒரு சாகசத்தோடு முடிகிறது, வளர்ப்பு முடிவதில்லை.

3

கார்ட்டூன் படங்களில் நிலைமை மாறுகிறது. ஃப்ளைஷர் சகோதரர்களின் நிறுவனம் 1936-இல் 'லிட்டில் ஸ்வீ பீ' படத்தில் குழந்தையைத் திரைக்குக் கொண்டுவந்தது. அங்கே குழந்தை பெரும்பாலும் ஆலிவின் வீட்டில், ஆலிவின் பொறுப்பில் இருக்கிறது. அவளுக்கு அது என்ன உறவு என்று சொல்லப்படுவதில்லை. சொல்லாமல் விட்ட இடம் பின்னால் வந்தவர்களை உறுத்தியிருக்க வேண்டும். பிற்காலப் படங்கள் சிலவற்றில் அது ஆலிவின் உறவுக்காரப் பிள்ளை, அவள் அவ்வப்போது பார்த்துக்கொள்ளும் உடன்பிறப்பின் மகன் என்று விளக்கம் வந்தது. மணமாகாத பெண் கையில் ஒரு குழந்தை என்றால் விளக்கம் தேவைப்படத்தானே செய்யும்.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் மழுப்பிவிடலாம். தமிழில் முடியாது. அக்காள் தங்கை பிள்ளை என்றால் ஆலிவுக்கு அது மகன். அண்ணன் தம்பி பிள்ளை என்றால் மருமகன். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த உடனே யார் யாரைக் கட்டலாம், யார் முறை, யார் பங்காளி என்கிற முழு வலையும் கூடவே இழுபட்டு வந்துவிடும். மணவழிதான் சாதியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறது என்றால், அந்தக் காவலின் முதல் எழுத்து நம் உறவுச் சொற்களிலேயே இருக்கிறது. கண்டெடுத்த குழந்தை இந்த வலையில் பொத்தல். 'முறை' இல்லாதது.

ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மாத்தலாரும் 1971-இல் சீலேயில் எழுதிய டொனால்டு வாத்து பற்றிய நூல் இந்த வகை வாசிப்புகளுக்கு முன்னோடி. 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்நாட்டுக் கடற்படை அதன் படிகளைக் கடலில் கொட்டியது. டிஸ்னி உலகில் தாய் தகப்பன் இல்லை, மாமன்களும் மருமகன்களும்தான் இருக்கிறார்கள், பிறப்பும் உழைப்பும் அங்கே சேர்த்து மறைக்கப்படுகின்றன என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. ஏற்கிறேன். ஆனால் இங்கிருந்து வாசிக்கும்போது இரண்டு சேர்க்கைகள் தேவைப்படுகின்றன. ஒன்று, நமக்கு மாமன் என்பது வெற்றிடம் அல்ல. தாய்மாமன் காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொள்பவன், சீர் கொண்டு வருபவன். உறவின் இறுகிய முடிச்சு அவன். இரண்டாவது, பெற்றோர் இல்லாமை எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. டொனால்டு வீட்டில் அது மறைப்பு. பாப்பாய் வீட்டில் அது வாசலில் வைத்த பொருளாக, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கிறது. மறைக்கத் தொடங்கியது பிற்பாடு வந்த அந்த 'உடன்பிறப்பின் மகன்' என்ற விளக்கம்தான்.

4

பாப்பாய்க்கு நிகராக நம் நாளிதழில் ஒரு மாலுமி உண்டு. 'தினத்தந்தி'யில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவின் சிந்துபாத். 20,000 நாட்களைத் தாண்டிய கதை. எங்கள் தெரு டீக்கடையில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பலரும் அதில்தான் பழகினார்கள். அதிலும் ஒரு சின்ன உடல் இருக்கிறது. மந்திரவாதி மூசா லைலாவைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிவிடுகிறான். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரத்தான் சிந்துபாத்தின் பயணமெல்லாம்.

இரண்டு மாலுமிகள், இரண்டு சின்ன உடல்கள். ஸ்வீ பீ வளரக் கூடாது, லைலா பழையபடி ஆகக் கூடாது. ஆனால் நாளைய படக்கதை இல்லை. நாளிதழ்த் தொடரின் பொருளாதாரம் இந்தச் சின்ன உடல்களின் மேல்தான் நிற்கிறது. சீகர் 1938-இல் 43 வயதில் இறந்துபோனார். குழந்தை தவழ்வதை நிறுத்தவில்லை.

வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். லைலா வளர்ந்த பெண், அவளைக் குழந்தை அளவாக்கினால்தான் ஆண் அவளைச் சுமக்க முடிகிறது. அவளுக்கு மீட்பு வெளியிலிருந்து வர வேண்டும், அவள் காத்திருக்க வேண்டும். ஸ்வீ பீ காத்திருப்பதே இல்லை. சிங்கக் கூண்டோ இயந்திரமோ எதுவானாலும் தானே போகிறது. பொம்மையாக்கப்பட்ட பெண்ணை விடக் கால் தெரியாத குழந்தைக்கு அதிக சுதந்திரம் தரப்பட்டிருக்கிறது. நம் படக்கதையின் ஆண் கற்பனையைப் பற்றி இது ஏதோ சொல்கிறது. அதைத் தோழியர் யாராவது விரித்து எழுதினால் நல்லது.

5

தவழ்தலுக்கு வருவோம். ஃப்ளைஷர் படங்களில் இந்தக் குழந்தைக்கான சூத்திரம் எளிது. குழந்தை ஆபத்தை நோக்கித் தவழும். பாப்பாய் பின்னால் ஓடுவான். குழந்தை மேல் விழ வேண்டிய ஒவ்வொரு அடியும் அவன் மேல் விழும். குழந்தைக்கு ஒரு கீறலும் இருக்காது. 1936 படத்தில் மிருகக்காட்சிசாலை. 1937-இல் வந்த 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்ரி'யில் தொழிற்சாலை. மதிய உணவு வேளையில் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை ஆலைக்குள் தவழ்ந்து போகிறது, இயந்திரங்கள் ஓடத் தொடங்குகின்றன. அச்சுகள் விழுகிற நொடிக்கு முந்தைய நொடியில் குழந்தை நகர்ந்திருக்கும், பிந்தைய நொடியில் பாப்பாய் மாட்டியிருப்பான்.

நாம் சிரிக்கிறோம். நானும் மடியில் பையனோடு விழுந்து விழுந்து சிரித்தேன். சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நிறுத்துடா, வயித்தக் கலக்குது" என்றார். அப்போது அதை ரசனைக் குறைவு என்று நினைத்தேன். இப்போது அவர் வாசிப்புதான் சரியான வாசிப்பு என்று படுகிறது. விடிகாலையில் கரைக்குப் போய் ஏலம் எடுத்து, குழந்தையை யார் வீட்டுத் திண்ணையிலோ விட்டுவிட்டு, மதியம் வரை ஊர் ஊராகக் கூவிய பெண்ணுக்கு, தவழும் குழந்தையின் பின்னால் பார்க்க ஆளில்லை என்பது நகைச்சுவை அல்ல. அவர் திரையில் பார்த்தது பாப்பாயை அல்ல, பாப்பாய் இல்லாத தன் திண்ணையை.

இங்கேதான் இந்தப் படங்கள் ஒன்றை வெளிப்படுத்தி உடனே மறைக்கின்றன. குழந்தை பத்திரமாக இருப்பது தற்செயல் அல்ல, இன்னொரு உடல் வாங்குகிற அடி அது என்று காட்டுகின்றன. பராமரிப்பு என்பது உழைப்பு என்பதை இதைவிடக் கண்ணெதிரே காட்ட முடியாது. ஆனால் அந்த உழைப்பை வீரமாக மாற்றிய பிறகே ஆணிடம் தருகின்றன. 1940-இல் வந்த 'நர்ஸ் மேட்ஸ்' படத்தில் ஆலிவ் வெளியே போக, பாப்பாயும் ப்ளூட்டோவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போட்டியிடுகிறார்கள். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மல்யுத்தமாகின்றன. ஆண் தூளி ஆட்டினால் அது சாகசம். பெண் ஆட்டினால் அதற்குப் பெயரே இல்லை.

மறைந்த உழைப்பு இன்னொன்றும் உண்டு. திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். குழந்தை ஒரு முழம் தவழ எத்தனை கைகள் எத்தனை தாள்களில் வரைந்திருக்க வேண்டும்! குழந்தை ஆலைக்குள் தவழும் படம் வெளியான 1937 கோடையில் அந்தக் கைகள் வேலைநிறுத்தத்தில் இருந்தன. நியூயார்க்கின் ஃப்ளைஷர் நிறுவனத்தில் மே மாதம் தொடங்கிய போராட்டம் அக்டோபர் வரை, ஐந்து மாதம் நீடித்தது. அமெரிக்க அசைவுப்படத் தொழிலின் முதல் பெரிய வேலைநிறுத்தம் அதுதான். சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. மறு ஆண்டே நிறுவனம், சங்கங்கள் பலவீனமாக இருந்த ஃப்ளோரிடாவின் மயாமிக்கு மூட்டை கட்டியது. திரையில் தொழிலாளி கீரை தின்று இயந்திரத்தை வெல்கிறான். அதை வரைந்தவர்கள் தெருவில் மறியல் செய்கிறார்கள். குழந்தையைக் காப்பாற்றிய உடல் பாப்பாயுடையது மட்டுமல்ல.

6

மாலுமியின் குழந்தையைக் கடற்கரையிலிருந்து வாசிக்கிறவன் 26-12-2004-ஐத் தாண்டிப் போக முடியாது. ஆழிப்பேரலை பனித்திட்டையும் விடவில்லை. அன்று கிழக்கிலங்கையின் கல்முனை மருத்துவமனைக்கு ஒரு கைக்குழந்தை வந்து சேர்ந்தது. பெயர் தெரியாததால் பதிவேட்டின் வரிசை எண்ணே பெயரானது: பேபி 81. கூப்பிட்ட பெயர் அல்ல, எழுதிய எண். ஒன்பது தாய்மார் அந்தத் தமிழ்க் குழந்தையை உரிமை கோருகிறார்கள் என்று உலகமே எழுதியது. வழக்காகக் கோரியதோ ஒரே தம்பதி என்று பிறகு தெரியவந்தது. 2005 பிப்ரவரியில் டி.என்.ஏ. சோதனை அவர்களே பெற்றோர் என்றது, நீதிமன்றம் குழந்தையை ஒப்படைத்தது.

பெற்றவர் கைக்குப் பிள்ளை திரும்பியதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. நான் கேட்பது வேறு. ஒன்பது தாய்மார் என்ற புனைவு ஏன் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது? கடல் கொண்டுவந்த குழந்தை என்றால் உலகம் உடனே ஒரு உரிமை வழக்கைத்தான் கற்பனை செய்கிறது. எட்டுப் பேரும் பிள்ளையை இழந்த பெண்களாக இருக்கக்கூடும், அவர்கள் வேண்டியது துக்கத்துக்கு ஒரு மடி நிறைவு என்று யாரும் கற்பனை செய்யவில்லை. செய்தி அவர்களைப் பொய்யர் ஆக்கியது. பிறகு இல்லாதவர் ஆக்கியது.

நம் கரையிலும் 'உடைய' என்பதன் கணக்கு வேறு ரூபத்தில் வந்தது. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் தலைக்கட்டு என்பது மணமான ஆண். வரியும் அவன் பெயரில், ஊர்ப் பங்கும் அவன் பெயரில். நிவாரணம் பல ஊர்களில் அந்தக் கணக்கு வழியாகவே இறங்கியதால் தனித்து வாழ்ந்த பெண்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். ஆண் துணையில்லாத மீன்காரி வளர்க்கிற, முறை தெரியாத பிள்ளை அந்தக் கணக்கில் எங்கே நிற்கும்?

பையனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது படிவத்தில் இரண்டு கோடுகள் காலியாக நின்றன: தகப்பன் பெயர், சாதி. எழுதுகிறவர் நல்ல மனிதர்தான். "எதுனா ஒண்ணு போட்டுடும்மா" என்றார். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் பார்த்திருக்கிறீர்களா? சாதிப் பெயர்களின் வரிசைக்கு நடுவே, பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்த ஆதரவற்ற குழந்தைகள் என்றும் ஒரு பதிவு உண்டு. நியாயமான, தேவையான ஏற்பாடு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சாதி இல்லாத குழந்தைக்கு உரிமை தர வேண்டுமானாலும் அதைச் சாதிப் பட்டியலில் ஒரு வரியாக்கித்தான் தர முடிகிறது என்பதைக் கவனியுங்கள். இல்லாமைக்கும் ஒரு வரிசை எண்.

இன்றைய சட்டப்படி சின்னம்மா செய்தது சரியல்ல. கிடைத்த குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். குழந்தைகள் விற்கப்படும் நாட்டில் அந்தச் சட்டம் வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். 'எடுத்து வளர்த்தல்' என்ற பெயரில் வீட்டு வேலைக்கு ஆள் பிடித்த கதைகளும் நமக்குத் தெரியும். ஆகவே சின்னம்மாவைக் காவியமாக்குவது என் நோக்கமல்ல. அவர் பதிலில் உள்ள ஒரு சிறிய இலக்கணத் திருகலைத்தான் பிடித்துக்கொள்கிறேன். கேள்வி யாருடைய பிள்ளை என்பது. பதில், பிள்ளை எங்கே சாப்பிடுகிறது என்பது. உடைமையைக் கேட்டார்கள், அவர் சோற்றைச் சொன்னார். உடைமை ஒருமுறை நிறுவினால் போதும், பத்திரம் மாதிரி பெட்டியில் கிடக்கும். சோறு அப்படியல்ல, நாளைக்கும் பொங்க வேண்டும். 1933-இல் அந்த மாலுமியும் எதையும் நிரூபிக்கவில்லை. தூக்கினான், மறுநாளும் தூக்கினான். நாளிதழ்த் தொடர் என்ற வடிவமே அதற்குத் தோதாக இருந்தது.

7

பாப்பாயின் ஆரம்ப உருவம் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் காப்புரிமையிலிருந்து விடுபட்டுப் பொதுச்சொத்தாகிவிட்டது. 1933-இல் வந்த குழந்தைக்கு 2029 வரை பொறுக்க வேண்டும். வாசலில் விடப்பட்டதாக வரையப்பட்ட குழந்தைக்குச் சட்டத்தில் 95 ஆண்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். யாருடைய பிள்ளை என்ற கேள்விக்குக் கடைசியில் தெளிவாகக் கிடைத்த பதில் இதுதான்.

பையன் இப்போது பைபர் படகில் போகிறான். படிவத்தின் அந்தக் கோடுகளில் என்ன எழுதினோம் என்று கேட்பீர்கள். வேண்டாம். அதைக் கேட்காமல் அவனைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத முடிகிறதா என்று நீங்களும் முயன்று பாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் முயன்றேன். இரண்டு இடத்தில் தோற்றிருக்கிறேன்.